போகிற தேதி

“ஒரு துண்டுச் சீட்டுல பேரையும் தேதியையும் எழுதறதுக்கு உனக்கு என்ன வலி, வத்சலா? எழுதியிருந்தா இந்தக் கூத்தே இல்லையே.”

இதே வார்த்தைகள்தான். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. நேற்று மத்தியானம் ஆரம்பித்தது, இன்று காலை பஸ் ஏறுகிறவரைக்கும் ஏழு தடவை சொல்லிவிட்டார். எட்டாவது தடவைக்கு வாயைத் திறந்தார், நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து இங்கே வந்து உன்னைத் தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு ஒன்றும் சிரமமில்லையே? சிரமமென்றாலும் சொல்லாதே அம்மா, இனி நான் எழுந்திருக்கப் போவதில்லை.

அதோ முன்னால், நீலத் தொப்பி தெரிகிறதா? காபி இயந்திரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். குணசீலன். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் காபி இலவசம் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அந்த இயந்திரத்தை விட்டு அகலவில்லை. நாலாவது கோப்பை. வீட்டில் நான் போடுகிற டிகாஷன் காபியை அரை டம்ளருக்கு மேல் குடித்தால் நெஞ்சைக் கரிக்கிறது என்பார். இலவசத்துக்கு நெஞ்சு கரிக்காது போலிருக்கிறது.

நீ ஃபோனில் ‘அம்மா, பஸ்சு ஏறியாச்சு’ என்று சொன்னது காதில் விழுந்தது. நாகர்கோவில் பக்கமா? பேர் என்ன சொன்னாய், ஜெனிட்டாவா? நல்ல பேர். இந்த ஆறு நாளில் நான் கேட்ட முதல் தமிழ் உன்னுடையதுதான். என் வீட்டுக்காரர் பேசுவதைத் தமிழில் சேர்க்க முடியாது. அது முழுக்க டிக்கெட் விலை.

சொல்கிறேன், கேள். ஒருநாள் காலையில் இட்லி தட்டில் இருக்கும்போதே, “பால்டிக் போகலாமா?” என்றார். நான் என்னவோ ஓட்டல் பேர் என்று நினைத்தேன். எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, மூன்று தேசம், பதினோரு நாள், ஐரோப்பாவிலேயே இதைவிட மலிவு கிடையாது என்றார். எங்கள் தெருவில் பத்மஜா பாரிஸ் போய்க் கோபுரத்துக்குக் கீழே நின்று படம் எடுத்து அனுப்புகிறாள். எனக்கு வாய்த்தது இது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. ‘அந்த மூன்றையும் வரைபடத்தில் எனக்கு ஒருதரம் காட்டிவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்’ என்று மட்டும் சொன்னேன்.

அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன. லாத்வியாவில், ரீகாவில் என் பெண் இருக்கிறாள். ஆரபி. படிக்க வந்தவள், படித்து முடித்து அங்கேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க நான் வரவில்லை, அதை முதலிலேயே உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஊர் பார்க்க வந்தேன். ரீகாவில் ஐந்து மணி நேரம் நின்றுதான் அடுத்த பஸ்ஸாம். அப்படி எடுத்தால் மலிவாம். ஐந்து மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் குந்தியிருக்க இவர் இன்று காலையில் இரண்டுதரம் சவரம் செய்துகொண்டு, கஞ்சி மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். யார் பார்க்கப் போகிறார்கள்? வயசானால் இப்படித்தான் புத்தி எதிலெதிலோ போகிறது.

முதலில் எஸ்தோனியா, தால்லினில் இறங்கினோம். நடைபாதை முழுக்க உருண்டைக் கல். பெட்டியின் ஒரு சக்கரம் முதல் தெருவிலேயே போயிற்று. தங்கின இடம் விடுதி என்றார். போய்ப் பார்த்தால் ஒரு அறையில் எட்டுக் கட்டில், மேலே நாலு கீழே நாலு. எனக்கு மேல்தட்டு. ஐம்பத்திரண்டு வயசில், முழங்கால் வலியோடு, ஏணி. பாண்டியன் எக்ஸ்பிரஸில் கூட டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டால் கீழ் பர்த் மாற்றித் தருவார். இங்கே கேட்டால் ஒரு போர்வை உறையையும் தலையணை உறையையும் கையில் கொடுத்து, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கிளம்பும்போது நீங்களே கழற்றிப் போடுங்கள் என்கிறாள் விடுதிப் பெண். காசும் கொடுத்து வேலையும் பார்க்கணும்.

சாப்பாட்டைக் கேட்காதே. எதை எடுத்தாலும் மேலே சதகுப்பை இலை. உருளைக்கிழங்கில் சதகுப்பை, மீனில் சதகுப்பை, தயிரில் சதகுப்பை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாகக் கொடுக்கிற சாமான் அது. ஒரு தேசம் முழுக்கப் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறதா? ஒருநாள் ரோஜா நிறத்தில் ஒரு சூப் வாங்கிக் கொடுத்தார். வாயில் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. ஆறிவிட்டது, சுடவைத்துக் கொடு என்றேன். அது அப்படித்தான் என்றான் கடைக்காரன்.

ஊர் சுற்றுவதும் இலவசம்தான். ஒரு பையன் குடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவான், நாற்பது பேர் பின்னால் போகணும். கோபுரத்தில் ஏறலாம், கடல் தெரியும் என்றான். ஏறக் கட்டணம். இவர் என்ன சொன்னார் தெரியுமா? “மலைக்கோட்டையில ஏறினவங்களுக்கு இதெல்லாம் ஒரு ஏத்தமா?” திருச்சியில் பிறந்த குற்றத்துக்கு உலகத்தில் எந்தக் கோபுரத்திலும் நான் ஏறக்கூடாது.

மனுஷர்கள் நல்லவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் ஒரு கட்டில் போடுகிற இடம் விட்டு நிற்கிறார்கள். சிரித்தால் திரும்பிக்கொள்கிறார்கள். என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது சிஸ்டர் பெனிக்னா, அயர்லாந்துக்காரி. ஒரு உச்சரிப்பு தப்பினால் மத்தியானம் முழுக்க வெயிலில் நிற்கணும். இங்கே ஒருத்தரும் பதில் சொல்லாவிட்டால் அது என் ஆங்கிலத்தின் குறை அல்ல.

சரி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுவந்தேன். பழம்புளி, நல்லெண்ணெய் மேலே நிற்க நிற்க, நாலு மணி நேரம் அடுப்பை விட்டு நகராமல் காய்ச்சியது. மூன்று உறை சுற்றிப் புடவைக்கு நடுவில் வைத்து, ஹெல்சிங்கியில் இறங்கி, கப்பலேறி, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தது. விடுதியில் அறைக்குள் சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாதாம். சமையலறையில் பொது ஃபிரிட்ஜில்தான் வைக்கணுமாம். புளிக்காய்ச்சலை ஃபிரிட்ஜில் வைப்பார்களா யாராவது? வைத்தேன். அதற்கு ஒரு சீட்டு ஒட்டணும் என்று லீஸ் என்கிற அந்த விடுதிப் பெண் கொடுத்தாள். மூக்கில் வளையம், முகத்தில் ஒரு உணர்ச்சியும் கிடையாது.

பேர் எழுத எனக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுக்கணுமா? கான்வென்ட் ஹாஸ்டலில் ஆறு வருஷம் என் தட்டு, டம்ளரில் ஆணியால் கீறியும், துண்டு, பாவாடை நாடாவில் நூலால் தைத்தும் நாற்பத்தேழு என்று என் நம்பரைப் போட்டவள் நான். சீட்டை வாங்கிப் பார்த்தால் மூன்று கோடு. மேலே பேர். அதற்குக் கீழே வந்த தேதி. அதற்குக் கீழே போகிற தேதி.

நீயே சொல் ஜெனிட்டா. ஒரு பேர், கீழே வந்த தேதி, அதற்குக் கீழே போகிற தேதி. இதை நம் ஊரில் எங்கே பார்த்திருக்கிறாய்? தெருமுனைச் சுவரில் பார்த்திருப்பாய். கறுப்பு பார்டர் போட்டு, போட்டோ போட்டு, தோற்றம், மறைவு. அப்படியே அதே மாதிரி. அதில் என் கையால் எழுதணுமாம். அதுவும் அவள் பேருக்குக் கீழே.

ஆமாம், அவள் பேரைத்தான் எழுதினேன். அவளுக்காகக் காய்ச்சினதில் பின்னே யார் பேரை எழுதுவார்கள்? யாராவது ரீகா போகிறவர்கள் கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன், அவ்வளவுதான். சிஸ்டர் பெனிக்னா பார்த்தால் தட்டிக்கொடுப்பாள், அப்படி ஒரு கையெழுத்தில் ‘ஆரபி’ என்று எழுதினேன். வந்த தேதி எழுதினேன். மூன்றாவது கோட்டில் பேனாவை வைத்தபோது இவர் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி, “ஆரபிக்கு இருபத்தாறாம் தேதி டிக்கெட்டாம். கனடாவுக்கு. வேலை மாத்தலாகுதாம்” என்றார்.

எப்படித் தெரியும் என்றேன். மெயில் வந்தது என்றார். மெயில் வந்ததாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போகிற மனுஷர், மூன்று வருஷமாகப் பார்க்கிறார், ஒரு ஞாயிறாவது தொட்டி வழியாமல் இருந்ததா? ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னத்தைத்தான் பார்ப்பாரோ. இவருக்கு மெயில் வந்ததாம், எனக்குத் தெரியாதாம்.

நான் பேனாவை மூடிவிட்டேன். மூன்றாவது கோட்டைக் காலியாக விட்டேன். எழுத மாட்டேன் என்றேன். வெறும் சீட்டுதானே என்றார். நீங்கள் எழுதுங்கள் பார்க்கலாம் என்றேன். அவரும் எழுதவில்லை. இதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். பேனா அவர் கையிலும் ஒரு நிமிஷம் இருந்தது.

ஏன் எழுத மாட்டேன் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தாள். ஒரு நல்ல இடம், திண்டுக்கல். பையன் தங்கம். வீட்டார் ஒன்பது பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், பஜ்ஜி எண்ணெயில் கிடக்கிறது. இவள் வந்து கையைக் கூப்பி, “மன்னிக்கணும், எனக்கு இதுல விருப்பம் இல்லைன்னு அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்” என்கிறாள். குரலை உயர்த்தவே இல்லை. குரலை உயர்த்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. அவர்கள் போனதும் நான் ஒரு நாலு வார்த்தை பேசினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாக்கள் பேசுகிறதுதான். ‘என் பேச்சைக் கேட்க முடியாட்டி இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை, போ’ என்றேன்.

அதற்கு அவள், “போறேம்மா” என்றாள்.

போறேன் என்று சொல்வார்களா அம்மா? நீ ஃபோனை வைக்கும்போது உன் அம்மாவிடம் என்ன சொன்னாய்? வைக்கட்டா, வாறேன் என்றாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவன் வரேம்மா என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறான். சாவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். பெற்ற பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்து, போறேன் என்கிறாள். போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரைக்கும் நின்றேன்.

நீதான் போ என்று சொன்னாய் என்பார் இவர். போ என்பது வாய் தவறி வருவது. பெற்றவள் ஆயிரம் தடவை சொல்லுவாள், அதற்கு அர்த்தமே கிடையாது. போறேன் என்பது அப்படியா? இந்த வித்தியாசம் பௌதிகம் படித்தவருக்குப் புரியாது.

அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் எதற்குக் கூப்பிட? போனவள்தான் வரேன் என்று சொல்லணும்.

நேற்று என்ன நடந்தது? குடைக்காரப் பையன் பின்னால் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு விடுதிக்கு வந்தேன். சமையலறையில் நாலு தடியன்கள், சைக்கிளில் தேசம் தேசமாகப் போகிறவர்களாம், ஒட்டினாற்போல் கால்சட்டை போட்டுக்கொண்டு ஒரு சட்டி மக்ரோனியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மக்ரோனி கறுப்பாக இருக்கிறது. பெருங்காய வாசனை படிக்கட்டு வரைக்கும். நாலு பேர் மூக்கும் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் நிறுத்தவில்லை. ஒருத்தன் ரொட்டித் துண்டை விட்டு என் பாட்டிலின் உள்பக்கத்தை வழித்துக்கொண்டிருக்கிறான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் பேசினேன். அவ்வளவு திருத்தமாகப் பள்ளியில் பேச்சுப் போட்டியில்கூடப் பேசினதில்லை. அந்த லீஸ் வந்தாள். அதே முகம். நிதானமாகச் சொல்கிறாள்: “பெயர் இருந்தது. போகும் தேதி இல்லை. வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்வோம். போகும் தேதி இல்லாதது எல்லாருக்கும் பொது.” சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார்களாம். காட்டினாள். இருந்தது. ஆங்கிலத்திலும் இருந்தது.

இவர் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தார், ஒரு துண்டுச் சீட்டுல பேரையும் தேதியையும் எழுதறதுக்கு என்ன வலி என்று.

அந்தத் தடியன்களில் ஒருத்தன், ரொட்டி விட்டு வழித்தானே அவன்தான், சாயங்காலம் வந்து என் கட்டிலுக்குக் கீழே நிற்கிறான். பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, சந்தையில் போய் ஸ்ட்ராபெரி வாங்கி, வாய்வரைக்கும் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறான். தலையைக் குனிந்துகொண்டு நீட்டினான். எனக்கு அதை அவன் மண்டையில் கவிழ்க்கணும் போல இருந்தது. வாங்கிக்கொண்டேன். பார்த்தால் புதுச் சீட்டு. அக்கறையாக எழுதி ஒட்டியிருக்கிறான், பழையபடி யாரும் எடுத்துவிடக் கூடாது என்று. ஆரபி. வந்த தேதி. போகும் தேதி, இன்றைய தேதி.

இதோ, மடியில் வைத்திருக்கிறேனே, இதுதான். பஸ் ஏறினதிலிருந்து அந்தக் கடைசிக் கோட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பார், இப்போது பேரும் வந்த தேதியும் மட்டும்தான் நிற்கிறது. ஒரு பழம் நசுங்கியிருக்கிறது. எடுத்துக்கொள்ளேன். வேண்டாமா? சரி, அதுவும் நல்லதுதான், எண்ணிக்கை குறைய வேண்டாம்.

தேசத்தின் எல்லை எப்போது வந்தது, கவனித்தாயா? எஸ்தோனியா முடிந்து லாத்வியா ஆரம்பித்ததாம், ஒரு பலகையோடு சரி. வாளையார் தாண்டிப் பாலக்காடு போனால்கூட ஒரு ஆள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பான். இங்கே யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று கேட்க நாதியில்லை. அதுதான் பிள்ளைகளுக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது. கிளம்பினால் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஜெனிட்டா, நீ ரீகாவில்தானே இருக்கிறாய்? உன்னிடம் ஒன்று கேட்கலாம் என்றுதான் இவ்வளவும் சொன்னேன். இந்தப் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிடுகிறாயா? முகவரி எனக்குத் தெரியாது, அதோ நீலத் தொப்பிக்குத் தெரியும். நான் கேட்க மாட்டேன், நீ கேள். அம்மா கொடுத்தாள் என்று சொல்லாதே. வழியில் ஒரு பைத்தியம் கொடுத்தது என்று சொல். சும்மா சிரிக்காதே, நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. போய்க் கொடுத்துவிட்டு, அவள் உன்னை வழியனுப்பும்போது என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுது.

ஊர் வந்துவிட்டதா? அந்தப் பெரிய பெரிய கொட்டகையெல்லாம் சந்தையா? இவ்வளவு சீக்கிரமா. பஸ் இன்னும் நிற்கவில்லை, அதற்குள் இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கதவண்டை போய் நிற்கிறார் பார். பெட்டியை மறந்துவிட்டுப் போகிறார். பெண்டாட்டியையும் மறந்துவிட்டுத்தான். பறக்கிறார். இலவசமாக என்னத்தைக் கொடுக்கிறார்களோ கீழே.

இறங்கிவிட்டார். யாரையோ பார்த்துக் கையை ஆட்டுகிறார். இந்த ஊரில் இவருக்கு யாரைத் தெரியும்? மஞ்சள் மழைக்கோட்டு. ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டின முடி. அது யார், ஜெனிட்டா, உன் கண்ணுக்கு...

முடியை வெட்டிவிட்டாள்.

அத்தனை முடியையும். இளைத்துப் போயிருக்கிறாள். சாப்பிடுகிறாளா இல்லையா? இவர் தோளைத் தட்டுகிறார், என்னவோ சொல்கிறார். பஸ்ஸைக் காட்டுகிறார். அவள் இறங்குகிற ஒவ்வொருத்தர் முகமாகப் பார்க்கிறாள். இந்தக் கண்ணாடி திறக்காதா? எங்கேயும் ஒரு கொக்கிகூட இல்லையே. எழுந்திரு அம்மா, எழுந்திரு, எனக்கு இறங்கணும். ஏன் எல்லாரும் நிற்கிறார்கள்? முன் வரிசை, அதற்கடுத்த வரிசை என்று ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, ஒருத்தரும் ஒருத்தரைத் தொடாமல், கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு. சிஸ்டர் பெனிக்னாவின் கியூகூட இவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

அவள் ஏன் திரும்புகிறாள்? அப்பாவிடம் தலையை ஆட்டுகிறாள். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கிறாள். எங்கே போகிறாள்? அவளைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்களேன் அவரிடம் யாராவது. அவருக்கு எதையும் பிடித்து வைக்கத் தெரியாது.

ஆரபி. இரு. அம்மா இதோ வரேன். வரேன்டி. போயிடாதே.

ஐயா, கொஞ்சம் வழி விடுங்க. அதோ என் பொண்ணு நிக்கறா. ஐயா, உங்களைத்தான். கொஞ்சம் வழி விடுங்க.